நாற்பத்தைந்து கோழிகள்

பதினான்கு பக்கக் கட்டுரை ஒன்றை மாங்கு மாங்கென்று எழுதி, அதை நாலாயிரம் பேர் படிக்கும்படி போட்டு, அதில் ஒரு வரிகூட உருப்படியில்லை என்று பத்தாவது நாள் தெரிந்துகொள்ளும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்த்துவிடாது. லா பிளாட்டாவில், பன்னிரண்டாம் தெருவில் பூட்டுக் கடை வைத்திருக்கும் ஒஸ்வால்தோ பெராசோவுக்கு வாய்த்தது. அதுவும் ஐம்பத்தெட்டு வயதில், தலை நரைத்த பிறகு.

இத்தனைக்கும் மனிதர் முட்டாள் இல்லை. எந்தப் பூட்டையும் நாலு நிமிடத்தில் திறப்பார். மனைவியின் பிறந்தநாளை முப்பது வருஷத்தில் இரண்டு முறைதான் மறந்திருக்கிறார். ஆனால் ஆந்தை என்று பேச்சு வந்துவிட்டால் போதும், மூளையைக் கழற்றிக் கடைப் பலகைமேல் வைத்துவிடுவார். எங்கள் ஊரில் இந்த வியாதி அவர் ஒருத்தருக்குத்தான் என்றும் சொல்ல முடியாது.

ஆந்தை என்றால் ஃபவுஸ்தினோ ரெகா. கிதார் வாசிப்பவர், பாடுபவர், முழுக் கிறுக்கர். உடம்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்ப்பதால் அந்தப் பெயர். ஒருமுறை இரண்டு மணி நேரக் கச்சேரியைத் திரையை விலக்காமலே பாடி முடித்தார். நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே ஆடினோம். இன்னொரு முறை, இனிமேல் பாடப் போவதில்லை என்று பத்திரிகைக்காரர்களைக் கூட்டி அறிவித்துவிட்டு மறுநாளே வந்து பாடினார், அதற்கும் ஆடினோம். பிறகு சாஸ்கோமுஸ் பக்கம் கோழி வளர்க்கப் போனார். பதினோரு வருஷம் சத்தமே இல்லை. அந்தப் பதினோரு வருஷ அமைதியைப் பற்றியும் ஒஸ்வால்தோ ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

இந்த மார்ச்சில் திடீரென்று புது ஆல்பம் வந்தது. இணையத்தில் கிடையாது, கடையில் கிடையாது. பழைய காலத்துக் கறுப்பு இசைத்தட்டு மட்டும். அதையும் சாஸ்கோமுஸில் ஒரே ஒரு பேக்கரியில்தான் கொடுத்தார்கள், ஒரு டஜன் பிறைரொட்டி வாங்கினால் ஒன்று. தட்டில் பாட்டுகளின் பெயர் இல்லை, எழுத்தே இல்லை. நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் ஒரு கோழியின் கால்தடம். அட்டையின் பின்பக்கம் முழுக்கக் கோழிகள். ஒஸ்வால்தோ பேக்கரி வாசலிலேயே நின்று எண்ணிப் பார்த்தார். நாற்பத்தைந்து.

எங்கள் ரசிகர் மன்றத்துக்குப் பெயர் 'கூடு'. 1989இல் ஒஸ்வால்தோவும் நீல்தாவும் சேர்ந்து தொடங்கியது. நீல்தா பொத்தான், ஜிப், லேஸ் விற்கும் கடைக்காரி. பதினேழு வயதில் ஆந்தையின் கச்சேரிக்கு டிக்கெட் வரிசையில் நிற்கும்போது ஒஸ்வால்தோவின் காலை நன்றாக மிதித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகச் சிகரெட் கேட்டவள். அன்றிலிருந்து சிநேகிதம். காதல் கீதல் எதுவும் இல்லை. ஒஸ்வால்தோவின் மனைவி சுலேமாவுக்கே அதில் சந்தேகம் வந்ததில்லை. இரண்டு பேருமாகப் பழைய படுக்கை விரிப்புகளைச் சேர்த்துப் பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு கொடி தைத்து, ஆந்தை எந்த ஊரில் பாடினாலும் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு பக்கத்துக் கம்பு அவரிடம், மறு பக்கத்துக் கம்பு அவளிடம். முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் கம்பை வேறு ஆள் பிடித்ததில்லை.

மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புது ஆல்பத்தை யாரும் தனியாகக் கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைவர் வீட்டில் கூடி, கறி சுட்டுத் தின்று, வட்டமாக உட்கார வேண்டும். மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குடுவை கைமாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் உறிஞ்சிவிட்டு அடுத்தவருக்கு. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒருத்தர் வாயைத் திறக்கக் கூடாது. நடுவில் எழுந்து போகிறவருக்கு மன்றத்தில் இடமில்லை. மன்ற நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இந்த விதி நீல்தாவின் கையெழுத்திலேயே இருக்கிறது. தொணதொணவென்று பேசுகிறவர்களை அடக்குவதற்காக அவள் எழுதியது.

அந்த ஞாயிறு ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ஒஸ்வால்தோ ஊசியை மென்மையான தூரிகையால் துடைத்து, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவர் முகத்தோடு தட்டின்மேல் வைத்தார்.

மெதுவாக, ரொம்ப மெதுவாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் வந்தது. கிதார் ஒரு சுருதியைப் போட்டுவிட்டு, அடுத்ததைப் போடலாமா வேண்டாமா என்று யோசித்தது. மத்தளம் அடிக்கிறவருக்கு உடம்பு சரியில்லை போலிருந்தது.

'என்ன கண்றாவி இது' என்பதுதான் ஒஸ்வால்தோவின் மனதில் முதலில் வந்த நினைப்பு. வந்த வேகத்திலேயே அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானா இப்படி நினைத்தேன்? மாத்தேயோடு சேர்த்து அந்த நினைப்பையும் மடக்கென்று விழுங்கினார். மற்றவர்களைப் பார்த்தார். நோட்டரி கீதோ கண்ணை மூடி, கழுத்தை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ரமீரோ தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நீல்தா மட்டும் நேராக ஒஸ்வால்தோவைப் பார்த்தாள். ஒரு புருவத்தைத் தூக்கி, ஓடிவிடலாமா என்று கேட்கிற மாதிரி. நாற்பது வருஷமாக அவருக்கு நன்றாகத் தெரிந்த புருவம். அவர் சட்டென்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தட்டைத் திருப்பிப் போட்டு, இரண்டாவது பாட்டு ஓடும்போது நீல்தா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு முடியலப்பா. சேத்துல மாட்டின மாடு கத்துற மாதிரி இருக்கு" என்றாள். யாரும் அசையவில்லை. வாசல் கதவு சாத்திக்கொண்டது.

ஆல்பம் முடிந்ததும் கீதோ தொண்டையைச் செருமினார். எதையாவது பத்திரம் பதிகிறவர் போலத்தான் எப்போதும் பேசுவார்.

"நண்பர்களே, இது சாவைப் பத்தின படைப்பு. கிட்டத்தட்ட இறுதிப் பூசை."

"எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு" என்றான் ரமீரோ. எல்லோரும் முறைத்ததும், "நல்ல விதமாத்தான் சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டான்.

"தலைவர் என்ன சொல்றீங்க?" என்றார் கீதோ.

ஏழு ஜோடிக் கண்கள் திரும்பின. அந்த இடத்தில் ஒஸ்வால்தோ உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மந்தம்" என்றார், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. "இவ்வளவு மந்தமாப் பாட எவ்வளவு துணிச்சல் வேணும் தெரியுமா? உலகமே அவசரத்துல ஓடுது. ஆந்தை நிக்கிறாரு."

சொல்லி முடித்ததும் அவருக்கே அது நன்றாக இருந்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். இரவுக்குள் அந்த ஒரு வாக்கியம் நாலு பக்கமாகிவிட்டது, வியாழக்கிழமைக்குள் பதினான்கு. 'மந்தத்தின் மகத்துவம்' என்று தலைப்பு. நாலாவது பாட்டில் தாம் விம்மி அழுததாக ஒரு பத்தி. கோழிகளுக்கு மட்டும் இரண்டு பக்கம். ஆந்தை தன் தாயை இழந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து, ஒவ்வொரு கோழியும் ஒரு வருஷம், என்று கண்டுபிடித்திருந்தார். இல்லவே இல்லை, 1945 அக்டோபரில், சிறையிலிருந்த அரசியல் தலைவர் பெரோனுக்காகத் தெருவில் இறங்கிய ஜனங்கள்தான் அந்தக் கோழிகள் என்று கீதோ சண்டைக்கு வந்தார். ஜனங்களைக் கோழி என்பதா என்று இன்னொருத்தர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை.

கட்டுரைக்கு முன்னால் வேறொரு காரியமும் செய்திருந்தார். திங்கட்கிழமை காலையிலேயே நாலாயிரம் பேர் பின்தொடரும் மன்ற முகநூல் பக்கத்தில் ஓர் அறிவிப்பு: மன்றத்தின் கண்ணியத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் ஊறு விளைவித்த காரணத்தால் நீல்தா அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறாள், மேதைமையைக் கேட்கக் காது மட்டும் போதாது, காதில் அடைப்பு இல்லாமலும் இருக்க வேண்டும். பின்பாதி நோட்டுப் புத்தக விதியில் இல்லாதது. அவராகச் சேர்த்தது. நாற்பது வருஷச் சிநேகிதியைப் பொது இடத்தில் கட்டம் கட்டியாகிவிட்டது. நீல்தா பதில் எழுதவில்லை. இரண்டாம் நாள் ரமீரோ கையில் ஒரு பெரிய மூட்டையைக் கொடுத்தனுப்பினாள். கொடி.

"செப்டம்பர்ல ஆந்தையோட கச்சேரி இருக்கே, இன்னொரு கம்ப யாரு பிடிப்பா?" என்று ரமீரோ கேட்டான்.

"ஆளா இல்ல?" என்றார் ஒஸ்வால்தோ. கொடியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கறி சரியாக வேகவில்லை என்று சுலேமாமேல் எரிந்து விழுந்தார்.

நாட்டின் மற்ற ரசிகர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்த்தால், அது ஒரு பெரிய கூத்து. பாதிப் பேர் ஒஸ்வால்தோ மாதிரியே உருகினார்கள். மீதிப் பேர் எழுதியது அவருக்குப் புரியவே இல்லை. 'சமையலறையில் ஆடிக்கொண்டே கேட்டேன்' என்று கோர்தோபாவிலிருந்து ஒரு பெண். 'ஆந்தைக்கு இருபது வயது திரும்பிவிட்டது' என்று மெந்தோசாவிலிருந்து ஒருவர். ஒஸ்வால்தோ கடை வேலையை விட்டுவிட்டு ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார். 'அம்மணி, நீங்கள் எழவு வீட்டிலும் ஆடுவீர்களா?' 'ஐயா, முதலில் கேளுங்கள், பிறகு எழுதுங்கள்.' யாரோ ஒருவர் அரை நிமிடத் துண்டு ஒன்றைப் பதிவேற்றினார். துள்ளலான தாளம், வேகமான குரல். இது அயோக்கியர்கள் வேகத்தைக் கூட்டிச் செய்த போலி என்று ஒஸ்வால்தோ மன்றத்தின் சார்பில் கண்டன அறிக்கை வெளியிட்டார். அதற்கு அறுநூறு பேர் இதயம் போட்டார்கள்.

உள்ளூர் வானொலியிலிருந்தும் கூப்பிட்டார்கள். ஃபபியோலா என்கிற பெண் சனிக்கிழமை காலைப் பதினோரு மணிக்கு இசை நிகழ்ச்சி நடத்துகிறாள். வந்து கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள், இசைத்தட்டையும் கொண்டுவாருங்கள் என்றாள். ஒஸ்வால்தோ புதுச் சட்டை எடுத்தார்.

புதன்கிழமை மத்தியானம் அவர் அட்டையை எதிரே வைத்துக்கொண்டு வானொலிக்காகக் கட்டுரையைச் சுருக்கிக்கொண்டிருந்தார். சுலேமா கை துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ராக் இசை என்றால் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிப்பது மாதிரி.

"எத்தன கோழி?"

"நாப்பத்தஞ்சு. உனக்கு எத்தன தடவ சொல்றது?"

"உன் பாட்டு மெஷின்லயும் நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கே, அது என்ன?"

"எங்க?"

"இதோ. இந்தக் குமிழுக்குப் பக்கத்துல. முப்பத்து மூணு ஒண்ணு, நாப்பத்தஞ்சு ஒண்ணு."

ஒஸ்வால்தோ பெரிய மனது பண்ணிச் சிரித்தார். "அது வேகம்மா, நிமிஷத்துக்கு எத்தன சுத்துன்னு. சின்னத் தட்டுக்குத்தான் நாப்பத்தஞ்சு. இவ்வளவு பெரிய தட்டு எப்பவும் முப்பத்து மூணுலதான் ஓடும். இதெல்லாம் உனக்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய், அந்தக் குமிழை ஒரு விரலால் தள்ளி, ஊசியை வைத்தார்.

ஆந்தை பாடினார். இருபத்தைந்து வயதுப் பையன் மாதிரி, மூச்சு விடாமல், வேடிக்கையாக. கிதார் குதித்தது. மத்தளம் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. எழவும் இல்லை, சாவும் இல்லை. நாலாவது பாட்டு, தான் விம்மி அழுததாக எழுதிய அந்தப் பாட்டு, ஒரு சேவல் அடுத்த வீட்டுக் கோழிக்கு லைன் விடுவதைப் பற்றியது.

சுலேமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பதினாலு பக்கம்!" என்றாள். கண்ணைத் துடைத்தாள். "எழவு வீட்ல ஆடுவீங்களான்னு கேட்டியே அந்தப் பொண்ண!" மறுபடி சிரித்தாள். ஒஸ்வால்தோவுக்கு உள்ளங்கால் முதல் காது வரை சுட்டது. தெரியாத ஆட்களுக்குத் தான் அனுப்பிய எண்பது பதில்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஆனால் சிரிப்பு ஓய்ந்ததும் சுலேமா கேட்டது வேறு.

"நீல்தாகிட்ட என்ன சொல்லப் போற?"

மறுநாள் காலையில் நீல்தாவின் கடைக்குப் போனார். அவள் ஒரு வாடிக்கையாளருக்கு எலாஸ்டிக் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் போகும் வரை ஒஸ்வால்தோ ஒரு டப்பா நிறையப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன வேணும்? பொத்தானா, ஜிப்பா?"

"நீல்தா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"நடந்துச்சா, பண்ணினியா?"

சொன்னார். குமிழ், முப்பத்து மூன்று, நாற்பத்தைந்து, கோழி, எல்லாம். இதைக் கேட்டால் அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று வரும் வழியெல்லாம் நம்பிக்கொண்டு வந்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள்.

"நாலாவது பாட்டுல அழுததா எழுதியிருந்தியே?"

"அழல. கொட்டாவி விட்டேன். கண்ல தண்ணி வந்துச்சு."

இதற்கு அவள் வாயோரம் கொஞ்சம் துடித்தது. ஆனால் அடக்கிக்கொண்டாள்.

"அப்போ மெஷின்மேல பழியப் போட்டுட்டுப் போயிடலாம்னு வந்திருக்க. மெஷினா என்னைத் தூக்கிச்சு? அன்னிக்கு நான் உன்னப் பாத்தேன், ஞாபகம் இருக்கா?"

ஒஸ்வால்தோ பொத்தான் டப்பாவைப் பார்த்தார்.

"இருக்கு."

"உன் மூஞ்சிலயே தெரிஞ்சுது. உனக்கும் பிடிக்கலன்னு. நீயும் எந்திரிப்பன்னு நெனச்சேன். சரி, எந்திரிக்கல, விடு. ஆனா நாலாயிரம் பேர் முன்னாடி என் காதுல அடைப்புன்னு எழுதின. இப்ப இங்க வந்து ரகசியம் பேசுற. போடா. கடையில ஆள் வர நேரம்."

ஆள் யாரும் வரவில்லை. அவர் வெளியே வந்து வெகு நேரம் எதிர்ச் சாரியில் ஒரு மரத்தடியில் நின்றார். நாற்பது வருஷத்தில் அவள் அவரைப் 'போடா' என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். நிஜமாகவே போகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை முழுக்க ஒஸ்வால்தோ தனக்குத்தானே வக்கீலாக நின்று வாதாடினார். யாருக்கும் தெரியாதே. கட்டுரையை நூற்றுப் பத்து பேர் பகிர்ந்திருக்கிறார்கள். ரொசாரியோவில் ஒரு பேராசிரியர் அதை வகுப்பில் வாசித்தாராம். தப்பென்று சொன்னால் மன்றமே கேலிப்பொருள் ஆகிவிடும். ஆக, மன்றத்தின் நன்மைக்காகத்தான் வாயை மூட வேண்டும். இந்த வாதம் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. தன் மானம் போவதைப் பற்றிக் கவலைப்படும்போதெல்லாம் நம்மில் யாருக்கும் பொது நன்மைதான் முதலில் ஞாபகம் வரும். சந்தேகத்துக்குக் கீதோவிடம் மட்டும் தொலைபேசியில் உண்மையைச் சொல்லிப் பார்த்தார்.

கீதோ அந்தப் பக்கம் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லாதீங்க. நோட்டரிங்க சங்கத்து விருந்துல நான் உங்களத்தான் மேற்கோள் காட்டிப் பேசினேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாப்பத்தஞ்சுங்கிறது எப்படியும் பெரோனாவும் இருக்கலாமே?" என்றும் கேட்டார்.

சனிக்கிழமை புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இசைத்தட்டையும் கட்டுரையையும் எடுத்துக்கொண்டு வானொலிக்குப் போனார். சின்ன அறை. சுவரெல்லாம் முட்டை வைக்கிற அட்டை ஒட்டியிருந்தது. ஃபபியோலா ஒலிவாங்கிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்; கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர்.

"கூடு மன்றத்தோட தலைவர் நம்மகூட இருக்காரு. முதல்ல ஒரு பாட்டக் கேட்டுருவோம். எல்லாரும் பேசுற அந்த மந்தத்த. தலைவரே, முப்பத்து மூணுதானே?" என்றாள் ஃபபியோலா.

தலை தானாக ஆடிவிட்டது. ஒலிப்பதிவாளர் ஊசியை வைத்தார். சேற்றில் மாட்டிய மாடு கத்தத் தொடங்கியது, ஒஸ்வால்தோவின் வீட்டுக்குள் மட்டும் இல்லை, லா பிளாட்டாவின் கறிக்கடைகளிலும் டாக்ஸிகளிலும் முடிவெட்டும் கடைகளிலும். நீல்தா கடையில் எப்போதும் வானொலி ஓடும் என்பது அவருக்குத் தெரியும். அவள் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். மேசைமேல் கட்டுரையின் முதல் பக்கம் இருந்தது. 'மந்தம் என்பது ஒரு துணிச்சல்' என்று தொடங்கியது. அதைக் கவிழ்த்து வைத்தார்.

"நிறுத்துங்க" என்றார்.

"என்னாச்சு தலைவரே?"

"அந்த மெஷின்ல ஒரு குமிழ் இருக்கும். நாப்பத்தஞ்சுக்குத் தள்ளுங்க."

தள்ளினார்கள். குரல் குபீரென்று இளமையாகி ஓடியது. ஃபபியோலா காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இது யாரு?"

"இதுதான் ஆந்தை. பத்து நாளா நான் தப்பான வேகத்துல கேட்டுட்டு இருந்திருக்கேன். பதினாலு பக்கமும் தப்பு. மந்தம் ஆந்தைக்கு இல்ல, எனக்கு. கோர்தோபாக்காரம்மா, நீங்க கேட்டுட்டு இருந்தீங்கன்னா, தயவுபண்ணி ஆடுங்க. நல்லா ஆடுங்க."

ஃபபியோலா சிரிப்பில் மேசைமேல் கவிழ்ந்துவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வேடிக்கையான மனுஷன், தன்னைத் தானே கேலி பண்ணிக்கொண்டான் என்று ஊர் தட்டிக் கொடுத்திருக்கும். ஒஸ்வால்தோவுக்கும் அது தெரிந்தது. ஆனால் இப்படிச் சிரிக்க வைத்துத் தப்பிக்கத்தான் அன்று கடைக்கும் போனோம் என்பதும் தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இது சிரிப்பு இல்ல" என்றார்.

ஃபபியோலா நிமிர்ந்தாள்.

"வேகம் தப்புன்னு தெரியாதப்பவே எனக்கு அது பிடிக்கல. முதல் பாட்டுலயே எந்திரிச்சு ஓடணும்போல இருந்துச்சு. ஓடல. தலைவராச்சே, எல்லாரும் என்னப் பாக்குறாங்களேன்னு உக்காந்திருந்தேன். நீல்தா எந்திரிச்சா. அவ காது நல்லாத்தான் இருந்துச்சு, அன்னிக்கு அங்க நல்லா இருந்த ஒரே காது அதுதான். எனக்கு இல்லாத தைரியம் அவகிட்ட இருந்துச்சு. அது பொறுக்காமத்தான் அவள மன்றத்துலேருந்து தூக்கினேன். வேற காரணமே இல்ல. அவ மனச நோகடிச்சுட்டேன். மன்னிப்புக் கேக்கிறேன்."

தொலைபேசி விளக்கு மின்னியது. ஒரு அம்மா லைனில் இருக்கிறார்கள் என்று ஒலிப்பதிவாளர் சைகை காட்டினார்.

"இப்பப் போட்டீங்களே, அதுதான் சரியான வேகமா?" என்று கேட்டது அந்தக் குரல். பின்னால் யாரோ ஜிப் விலை விசாரிப்பதும் கேட்டது.

"ஆமா" என்றார் ஒஸ்வால்தோ.

"இதுவும் எனக்குப் பிடிக்கல. அந்த ஆளு கோழியோடயே இருந்திருக்கலாம்." ஜிப்புக்கு விலை சொல்லிவிட்டுத் திரும்பி வந்தது குரல். "உனக்கு?"

ஒஸ்வால்தோ வாயைத் திறந்தார். 'மறுபிறவி', 'விளையாட்டின் தத்துவம்' என்றெல்லாம் தயாராக நாலைந்து தொண்டை வரை வந்து நின்றன. ஒவ்வொன்றாக விழுங்கினார்.

"தெரியல, நீல்தா. வீட்ல தனியாத்தான் கேட்டேன். நல்லா இருக்குற மாதிரிதான் பட்டுச்சு. ஆனா என்ன நானே நம்ப முடியல. இன்னும் உன்கூட உக்காந்து கேக்கலையே."

லைனில் சத்தம் இல்லை. வானொலிக்காரர்களுக்கு அமைதி என்றால் ஆகாது. ஃபபியோலா எதையோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, சும்மா இருந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழம வரேன். கறி நீதான் வாங்கணும்" என்றாள் நீல்தா. "நடுவுல முடியலன்னா எந்திரிச்சுப் போயிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"போ" என்றார் ஒஸ்வால்தோ. நாலாயிரம் பேர் என்ன, ஊரே கேட்டால்தான் என்ன என்று இருந்தது அவருக்கு. "எனக்கும் முடியலன்னா, நானும் உன்கூடவே எந்திரிச்சு வந்துடுறேன்."